சர்வர் ரேக்கில் இழுத்துத் திறக்கும் மானிட்டரை நாமே பாதுகாப்பாக மாட்ட முடியுமா?

கேள்வி இதுதான்: அலுவலகத்தில் ஒரு 42யூ ரேக் (யூ என்பது ரேக்கில் உயரத்தை எண்ணும் அலகு), அதில் நான்கு சர்வர். டிராயர் மாதிரி வெளியே இழுத்து, மூடியைத் தூக்கினால் திரையும் கீபோர்டும் வருகிற 1யூ மானிட்டர் ஒன்றை வாங்கிவிட்டார்கள். மாட்டித் தர ஆள் கூப்பிட்டால் தனிக் காசு கேட்கிறார்கள். நானே மாட்டலாமா, என்னவெல்லாம் பார்க்க வேண்டும்? கடைசியில் சிரிப்புக் குறி போட்டு, ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மாட்டலாம். தனியாக மட்டும் மாட்டாதீர்கள், இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். கோவை, திருப்பூர் பக்கம் மில்களிலும் சின்ன அலுவலகங்களிலும் ரேக் வேலை பார்க்க ஆரம்பித்துப் பதினான்கு வருஷம் ஆகிறது. இந்த டிராயர்களைப் புதிதாக மாட்டியதைவிட, யாரோ மாட்டிவிட்டுப் போனதைக் கழற்றித் திரும்ப மாட்டியதுதான் அதிகம்.

பெரும்பாலும் தப்பு தொடங்குவது, இதை ஒரு மானிட்டர் என்று நினைப்பதில்தான். மேஜை மேல் வைக்கிற மானிட்டர் வைத்த இடத்தில் இருக்கும். இது நகரும். பெட்டியைப் பொறுத்து 10 முதல் 15 கிலோ வரை வரும். இழுத்தவுடன் அந்த எடை முழுக்க ரேக்கின் முன்தூணுக்கு வெளியே வந்து அந்தரத்தில் நிற்கிறது. போதாததற்கு நாம் அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு டைப் அடிக்கிறோம். வீட்டில் காலியான மர பீரோவின் டிராயர்களை எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்துப் பாருங்கள், இல்லை, பார்க்காதீர்கள். அது என்ன செய்யுமோ அதையேதான் ரேக்கும் செய்யும்.

எனக்கு இது புத்தியில் ஏறியது பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில். 22யூ ரேக், சக்கரத்தின் மேலேயே நின்றது. யுபிஎஸ்ஸும் பேட்டரியும் தனியாக வெளியே. குனியாமல் பார்க்கலாம் என்று சர்வர் இரண்டையும் மேலே மாட்டியிருந்தார்கள், கீழ்ப்பாதி காலி. நான் மானிட்டரை முழுசாக இழுத்து வைத்துவிட்டு, மேலே இருந்த சர்வரையும் ரெயிலில் பாதி வெளியே இழுத்தேன். இடது கை கீபோர்டு தட்டின் மேல். சத்தம் ஒன்றும் வரவில்லை. கீபோர்டு மட்டும் மெதுவாக என் வயிற்றை நோக்கிச் சாய்ந்து வந்தது. பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பியதை நான் பார்க்கவில்லை, பின்னால் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீசியன் அண்ணன் பார்த்தார். "தம்பி, உள்ள தள்ளுங்க! சர்வரை உள்ள தள்ளுங்க!" என்று கத்திக்கொண்டே ரேக்கின் பின்விளிம்பைப் பிடித்துத் தொங்கினார். தள்ளினேன். நின்றது. அப்புறம் இரண்டு பேரும் வெளியே போய் டீ குடித்துவிட்டுத்தான் திரும்ப வந்தோம்.

அதனால் மானிட்டர் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் ரேக்கைப் பாருங்கள். சக்கரத்தின் பக்கத்தில் திருகி இறக்குகிற கால்கள் இருக்கும். நான்கையும் இறக்கி, பாரம் கால்களில் நிற்கும்படி செய்யுங்கள். கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் தாங்கு பட்டை ரேக்கோடு வந்திருந்தால் அதை மாட்டுங்கள், அதுவே நிறையக் காப்பாற்றும். தரையில் போல்ட் அடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. கனமானதெல்லாம் கீழே. ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே வரலாம்: மானிட்டர் வெளியே இருக்கும்போது சர்வரைத் தொடாதீர்கள், சர்வர் வெளியே இருக்கும்போது மானிட்டரைத் தொடாதீர்கள்.

இனி எந்த உயரத்தில் என்பது. 1யூ என்றால் 44.45 மில்லிமீட்டர், கீழிருந்து எண்ணுவது வழக்கம். நின்றுகொண்டு வேலை செய்வதாக இருந்தால் 20, 21 என்கிற இடம் சரியாக வரும். ரேக்கின் அடிப்பகுதியையும் சேர்த்தால் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர். உங்கள் ஆள்களின் உயரத்துக்கு ஏற்ப ஒன்றிரண்டு கூட்டிக் குறைக்கலாம். தோளுக்கு மேலே மட்டும் வேண்டாம். பார்க்க வசதி என்று நினைத்து மேலே வைத்தால், மூடும்போது கைவிரல்தான் முதலில் மாட்டும்.

ஆழத்தை அளக்காமல் வாங்கிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் பலர். ரேக்கின் வெளி ஆழம் 1000 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாலும், முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே 700, 750 அளவில்தான் இருக்கும். டிராயரின் கையேட்டில் ரெயில் எதிலிருந்து எதுவரை நீளும் என்று இருக்கும். அதை இந்தத் தூணிடை அளவோடு ஒப்பிடுங்கள். சுவரில் தொங்குகிற 6யூ, 9யூ நெட்வொர்க் ரேக்கில் இது பெரும்பாலும் நுழையவே நுழையாது. நுழைந்தாலும் வேண்டாம், சுவர் போல்ட்டைத் துலா மாதிரி நெம்பும். முன்கதவுக்கும் தூணுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையும் பாருங்கள். டிராயரின் கைப்பிடி முட்டிக் கதவு மூடாமல், கடைசியில் கதவையே கழற்றி மூலையில் சாத்தி வைத்திருக்கும் அலுவலகங்கள் நிறைய.

கேஜ் நட்டுக்கு வருவோம், அதாவது ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ள ரேக் தூணின் ஓட்டைக்குள் மாட்டுகிற நட்டு. புதிதாக மாட்டுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். தூணில் வரிசையாகச் சதுர ஓட்டைகள் இருக்கும். பார்த்தால் எல்லாம் ஒரே இடைவெளி மாதிரிதான் தெரியும், ஆனால் இல்லை. 15.9, 15.9, 12.7 மில்லிமீட்டர், திரும்ப 15.9, 15.9, 12.7 என்று போகும். அந்தக் குட்டி இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இதைக் கவனிக்காமல் மூன்று ஓட்டையை எண்ணி எங்கேயோ ஆரம்பித்தால் இடது பக்கம் சரியாக உட்காரும், வலது பக்கம் அரை விரல் மேலே நிற்கும். உடனே சுத்தியைத் தேடுவோம். தேட வேண்டாம். மார்க்கர் பேனாவால் நான்கு தூணிலும் ஒரே யூவைக் குறித்துவிட்டு ஆரம்பியுங்கள். நட்டை உள்ளே தள்ள ஸ்க்ரூடிரைவரை நெம்புகோலாக்காதீர்கள்; அது வழுக்கினால் நேராகக் கட்டைவிரலில்தான் இறங்கும். ரேக்கோடு ஒரு சின்ன வளைந்த தகட்டுக் கொக்கி வந்திருக்கும், எதற்கென்று தெரியாமல் பலர் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதுதான் இதற்கான கருவி. ஸ்க்ரூ நம் ஊரில் பெரும்பாலும் எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் தடிமன். ஆனால் பழைய டப்பாவில் எம்5-ம் கலந்து கிடக்கும். கையால் நாலு சுற்று சுலபமாகப் போகாத ஸ்க்ரூவை டிரில் மிஷினால் ஏற்றாதீர்கள்.

ரெயில் மாட்டும்போது ஒரு வரிசை உண்டு. ஒருவர் டிராயரைக் கீழிருந்து தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் முன்னால் இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளுக்கு ஸ்க்ரூ போட்டு, இறுக்காமல் விட்டுவிட்டு, பின்னால் போய்ப் பின்தாங்கிகளை நீட்டி அதே யூவில் போட வேண்டும், அதையும் இறுக்கக் கூடாது. இப்போது மூன்று நான்கு தடவை மெதுவாக இழுத்துத் தள்ளுங்கள். ரெயில் தானாகவே இணையாக உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் முன்பக்கம், அப்புறம் பின்பக்கம் இறுக்குங்கள். முதலிலேயே பின்னால் இறுக்கிவிட்டால் ரெயில் கோணலாகி, டிராயர் பாதியில் சிக்கும். சிக்கியதை ஆள்கள் வெடுக்கென்று இழுப்பார்கள், பல்லடம் கதை திரும்ப வரும். பின்தாங்கியைப் போடாமல் முன்காதில் மட்டும் தொங்கவிடுவது கூடவே கூடாது.

கேபிள் விஷயத்தில் ஒரு கூத்தைச் சொல்கிறேன். ஒரு பனியன் கம்பெனி அலுவலகம், சனிக்கிழமை, வாராந்திரச் சம்பளக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ மானிட்டரை இழுத்தார்கள், திரை வந்தது, சர்வர் போனது. பின்னால் போய்ப் பார்த்தால், மானிட்டர் கேபிளையும் சர்வரின் பவர் கார்டையும் ஒரே பிளாஸ்டிக் டையால் பாசமாகக் கட்டி வைத்திருந்தார்கள். டிராயர் முன்னால் போக, கேபிள் இழுக்க, பவர் கார்டு சத்தமில்லாமல் கழன்றுவிட்டது. ஆகவே நகரும் கேபிள் தனி, நகராத கேபிள் தனி. டிராயரை முழுக்க வெளியே இழுத்த நிலையில் வைத்துக்கொண்டு கேபிளின் நீளத்தை முடிவு செய்யுங்கள், மூடின நிலையில் அல்ல. பின்னால் மடங்கி விரியும் கை கொடுத்திருந்தால் அதில் வெல்க்ரோ பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள். கட்டி முடித்ததும் ஒருவர் முன்னால் இழுக்க, ஒருவர் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். எது எதில் உரசுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

மின்சாரம். இந்த டிராயர் இழுப்பது சில பத்து வாட்தான், அதனால் லோடு பெரிய கவலையில்லை. ஆனால் "மானிட்டர்தானே" என்று யுபிஎஸ் இல்லாத பிளக்கில் செருகாதீர்கள். கரண்ட் போய், சர்வரை முறைப்படி நிறுத்த வேண்டிய நேரத்தில்தான் உங்களுக்குத் திரை வேண்டும். ரேக்கில் உள்ள பவர் பட்டையிலேயே செருகுங்கள். அதிலிருந்து இன்னொரு ஸ்பைக் பஸ்டர், அதிலிருந்து இன்னொன்று என்று சங்கிலி போட வேண்டாம்.

எர்த்தில் சமாதானமே கிடையாது. ரேக்கின் கதவைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது, ஈரக்கையா இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். காரணம் ஈரக்கை இல்லை. பவர் சப்ளைகளுக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சின்ன கெபாசிட்டர்கள் வழியாக எப்போதும் கொஞ்சம் கரண்ட் பெட்டியின் உடம்புக்குக் கசியும். எர்த் இருந்தால் அது பேசாமல் தரைக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் ரேக்கின் உடம்பிலேயே 230-இல் கிட்டத்தட்டப் பாதி வோல்ட்டேஜ் ஏறி நிற்கும். ஒரு பெட்டி என்றால் கூச்சம்தான். ஒரே ரேக்கில் ஏழெட்டுப் பெட்டி என்றால் எல்லாக் கசிவும் ஒன்று சேரும். டிராயரில் கை வைத்துக்கொண்டு நிற்பவர் நீங்கள். எனவே மூன்றாவது பின்னை ஒடிப்பது, டூ பின் அடாப்டர் போடுவது எதுவும் வேண்டாம். எலக்ட்ரீசியனை விட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். நாங்கள் 2 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்ப்போம். பச்சை-மஞ்சள் ஒயர் ரேக் உடம்பில் பெயின்ட் மேல் திருகியிருந்தால் அது எர்த்தே இல்லை. சுரண்டிவிட்டு, பல் வைத்த வாஷர் போட்டுத் திருக வேண்டும். நீங்கள் காசு கொடுத்து ஆள் கூப்பிட வேண்டிய வேலை இது ஒன்றுதான்.

தினசரி உபயோகம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. டிராயரை மூடுவதற்கு முன் கீபோர்டைப் பாருங்கள். பேனா, ஸ்க்ரூ, கழுத்திலிருந்து கழற்றி வைத்த ஐடி கார்டு, இதில் ஏதாவது இருக்கும். மேலே திரையை மடக்கினால் நடுவில் நட்சத்திரம் மாதிரி விரிசல் விடும், பேனல் மாற்றச் சொல்லும் விலைக்குப் புதிதே வாங்கலாம். மூடும்போது இரண்டு பக்கத் தாழையும் விடுவித்து, முன்விளிம்பின் நடுவில் கை வைத்துத் தள்ளுங்கள். பக்கவாட்டில் பிடித்தால் ரெயில் விரலைக் கவ்வும். தட்டின் மேல் டிபன் பாக்ஸ், லேப்டாப், டீ டம்ளர் கூடாது. கெட்டுப்போனால் உள்ளே திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சார்ஜ் நிற்கும், டியூப் லைட் வைத்த பழைய எல்சிடி என்றால் அந்த டியூபுக்குச் சில நூறு வோல்ட் போகும்.

சூட்டையும் ஒரு கண் பாருங்கள். மூடி வைத்த டிராயர், மேலும் கீழும் கொதிக்கிற சர்வருக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பேனல் சீக்கிரம் மங்கும். கையேட்டில் எத்தனை டிகிரி வரை என்று போட்டிருக்கும். அது அறையின் ஏசி காட்டும் எண் அல்ல, ரேக்குக்குள் இருக்கும் சூடு. காலி யூக்களில் மூடித் தகடு போட்டால் பின்னால் வரும் சூட்டுக் காற்று முன்னால் சுற்றி வராது. எங்கள் மில்களில் பஞ்சு வேறு பறக்கும். ஃபேன் வாயில் வெள்ளையாகப் போர்வை போர்த்தினாற்போல் படியும். மாதம் ஒருமுறை துடைத்தால்தான் உண்டு. ரேக்குக்குள் ஒயர் நுழையும் ஓட்டைகளையும் அடைத்து வையுங்கள்; எலிக்கும் பல்லிக்கும் அந்தக் கதகதப்பு ரொம்பப் பிடிக்கும்.

மழைக்காலத்தில் ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடி பூத்துப் போகிறதல்லவா, அதேதான் அந்த அறையில் வைத்திருந்த மானிட்டருக்கும் நடக்கும். வெளியே எடுத்து வந்தால் வியர்வை காயும்வரை கரண்ட் கொடுக்காதீர்கள்.

சரி, பொட்டு. திரையில் வேண்டாம். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டித்தான் எடுப்பார்கள், மேல்பூச்சு போய்விடும். திரையைத் துடைக்க, கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியை லேசாக நனைத்தால் போதும், நேராக ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. பொட்டை ரேக்கின் முன்கதவில் வையுங்கள், காற்று ஓட்டைகளை விட்டுவிட்டு ஓரச் சட்டத்தில். எலுமிச்சம்பழத்தை ரேக்கின் மேல் வைக்காமல் வாசலில் வையுங்கள், சாறு உள்ளே வடிந்த கதையும் என்னிடம் உண்டு. கற்பூரம் மட்டும் வராந்தாவில் காட்டிவிட்டு வாருங்கள். உள்ளே காட்டினால் புகை டிடெக்டர் கத்தும், அதை நிறுத்தத் தெரிந்தவர் அன்றைக்கு லீவில் இருப்பார்.