டாரட் சீட்டுகளில் வரும் விலங்குகளுக்கு நிலையான பொருள் உண்டா?

டாரட், அதாவது குறி பார்க்கப் பயன்படும் படச் சீட்டுகளில், நாய் என்றால் விசுவாசம், பாம்பு என்றால் சூழ்ச்சி என்று மனப்பாடம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான் அப்படிச் செய்துதான் அசடு வழிந்தேன்.

முதன்முதலில் நான் வாங்கியது உள்ளங்கைக்குள் அடங்கும் பொடி சைஸ் சீட்டுக்கட்டு, அச்சும் மங்கல். தோழி ஒருத்திக்கு அதில் ‘மூன்’, அதாவது நிலா சீட்டு வந்தது. கீழே குளத்திலிருந்து கொடுக்கை நீட்டியபடி ஏதோ ஒன்று ஏறி வருகிறது. “தேள்! பக்கத்திலேயே இருக்கிற யாரோ கொட்டப் போகிறார்கள்” என்று சொல்லிவிட்டேன். பாவம், அவள் இரண்டு நாள் ஆபீஸில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரிய சைஸ் கட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது தேளே இல்லை. ஆற்றிலும் குளத்திலும் இருக்கும் ஒரு வகை சிங்கி இறால்.

நிலாவுக்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம்? நம் ஜாதகக் கட்டம் தெரிந்தவர்களுக்கு இது எளிது. கடக ராசிக்கு அதிபதி சந்திரன். பன்னிரண்டு ராசிகளும் கிரேக்கர் வழியாக இந்தப் பக்கம் இந்தியாவுக்கும் வந்தன, அந்தப் பக்கம் ஐரோப்பாவுக்கும் போயின. இடைக்கால ஐரோப்பிய ஓவியர்கள் கடகத்துக்கு நண்டுக்குப் பதில் பல இடங்களில் சிங்கி இறாலை வரைந்துவைத்தார்கள். நிலா சீட்டின் இறாலும் பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான். அதற்கும் முந்தைய படம் வேறு. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் மிலானை ஆண்ட விஸ்கொந்தி-ஸ்ஃபோர்ஸா குடும்பத்துக்காக வரைந்த நிலா சீட்டில் இறாலும் கிடையாது, நாயும் கிடையாது. ஒரு பெண் கையில் பிறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவுதான்.

சரி, உண்மையான தேள் எங்கே? அது கழுகாக மாறி உட்கார்ந்திருக்கிறது. ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’, ‘வேர்ல்ட்’ என்ற இரண்டு சீட்டுகளின் நான்கு மூலைகளையும் பாருங்கள்: மனித முகம், கழுகு, சிங்கம், காளை. பைபிளில் எசேக்கியேலும் வெளிப்படுத்தின விசேஷமும் சொல்லும் நான்கு ஜீவன்கள் இவை. கிறிஸ்தவக் கலையில் மத்தேயு, யோவான், மாற்கு, லூக்கா என்ற நால்வருக்கும் இவையே அடையாளம். இதையே ஜோதிடத்தில் கும்பம், விருச்சிகம், சிம்மம், ரிஷபம் என்று படிக்கிறார்கள். நம் ஊர் ஜோதிடர் ஸ்திர ராசி என்று சொல்லும் அதே நான்கு! அதில் விருச்சிகத்துக்குத்தான் கழுகு. இது தெரிந்த அன்று என் ‘தேள்’ கதையை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

இன்று பரவலாகப் புழங்கும் ரைடர் கட்டு 1909 டிசம்பரில் லண்டனில் வெளிவந்தது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டுடையது, படங்கள் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. இரண்டு பேரும் ‘கோல்டன் டான்’ என்ற ரகசியச் சங்கத்தில் இருந்தவர்கள். அந்தச் சங்கத்தின் கணக்குப்படி ‘லவர்ஸ்’ மிதுனம், ‘சாரியட்’ கடகம், 9ஆவது சீட்டான ‘ஹெர்மிட்’ கன்னி. பழைய வரிசையில் சிங்கம் இருக்கும் ‘ஸ்ட்ரெங்த்’ 11ஆவது, தராசு பிடித்த ‘ஜஸ்டிஸ்’ 8ஆவது. சிம்மம் கன்னிக்கு முன்னாலும் துலாம் பின்னாலும் வர வேண்டுமே என்று இரண்டையும் இடம் மாற்றிவிட்டார்கள். ராசி வரிசைக்காகச் சிங்கத்தின் நம்பரையே மாற்றியிருக்கிறார்கள்!

சிங்கத்திடம் நடந்துகொள்ளும் முறையும் மாறியிருக்கிறது. விஸ்கொந்தி-ஸ்ஃபோர்ஸா சீட்டில் ஓர் ஆள் தடியை ஓங்கிச் சிங்கத்தை அடிக்கப் போகிறான். ஸ்மித்தின் படத்தில் வெள்ளை உடை உடுத்திய பெண் குனிந்து, அதன் வாயை மெல்ல மூடுகிறாள். அது நாக்கை நீட்டி, வாலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நம் வீட்டு நாய் மாதிரி நிற்கிறது. இரண்டும் ஒரே சிங்கம், ஒரே பெயர் கொண்ட சீட்டு. இரண்டுக்கும் சேர்த்து ‘வீரம்’ என்று ஒரே சொல்லைப் போட்டால் படத்தைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

நாயும் அப்படித்தான். பிரான்ஸில் புழங்கிய பழைய மார்செய் கட்டில் ‘ஃபூல்’ என்ற பைத்தியக்காரனின் காலைப் பின்னாலிருந்து ஒரு விலங்கு பிறாண்டுகிறது. ஊருக்குள் வந்த பரதேசியைத் தெருநாய் துரத்துமே, அந்தக் காட்சி. ஸ்மித்தின் கட்டில் அதுவே வெள்ளை நாய்க்குட்டியாகி, மலை விளிம்பில் அவன் பக்கத்தில் துள்ளுகிறது. எச்சரிக்கிறதா, விளையாடுகிறதா? படம் சொல்லவில்லை. வெய்ட்டின் புத்தகமும் நாய் துள்ளுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நிலா சீட்டில் ஒரு நாய், பக்கத்தில் ஓநாய். இரண்டும் மனத்தின் பயங்கள் என்கிறார் வெய்ட். விசுவாசம் அங்கே எங்கே வந்தது?

அப்புறம் ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ சக்கரச் சீட்டில் இருக்கும் நரித்தலை உருவம், ஸ்பிங்ஸ் எல்லாம். இவற்றைப் பார்த்து டாரட் எகிப்திலிருந்து வந்தது என்று நிறைய பேர் எழுதுகிறார்கள். 1781இல் கூர் தெ ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர் கிளப்பிவிட்ட கதை அது. எகிப்திய எழுத்தை ஷாம்போலியன் படித்துக் காட்டியதே 1822இல்தான். டாரட் பிறந்தது வட இத்தாலியில், வெறும் சீட்டாட்டமாக.

எனக்கு மிகவும் பிடித்தவை, சாதாரணச் சீட்டுக்கட்டு போல ராணி, ஒன்பது என்று வரும் 56 சின்ன சீட்டுகளில் ஒளிந்திருக்கும் விலங்குகள். ‘குவீன் ஆஃப் வாண்ட்ஸ்’ காலடியில் கறுப்புப் பூனை, ‘குவீன் ஆஃப் பென்டக்கிள்ஸ்’ படத்தின் ஓரத்தில் முயல். இந்த இரண்டைப் பற்றியும் வெய்ட் தன் புத்தகத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. இவை ஸ்மித்தின் சொந்தக் கைவரிசை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெரிய வேலை, சொற்பக் காசு என்று 1909இல் நண்பர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்குக் கடிதத்தில் புலம்பியவர் அவர். அந்தச் சொற்பக் காசுக்கு முயலையும் வரைந்து கொடுத்திருக்கிறார்.

‘நைன் ஆஃப் பென்டக்கிள்ஸ்’ வந்தால் கையில் எடுத்து நன்றாகப் பாருங்கள். திராட்சைத் தோட்டத்தில் பட்டும் பகட்டுமாக ஒரு பெண். கையுறை போட்ட கையில் வேட்டைக்குப் பழக்கிய வல்லூறு, அதன் தலையில் கண்ணை மறைக்கும் தோல் குல்லாய். கண் தெரியாவிட்டால் பறவை படபடக்காது, அதனால் பழக்குபவர்கள் குல்லாய் மாட்டிவிடுவார்கள். அவளுடைய சுயகட்டுப்பாட்டுக்குப் பலனாகக் கிடைத்த செல்வம் என்று பலர் இதைப் படிக்கிறார்கள். எனக்கு அந்தக் குல்லாய்தான் கண்ணில் குத்தும். வசதியான தோட்டம், பறக்கத் தெரிந்த பறவை, ஆனால் கண் கட்டியிருக்கிறது. நல்ல சம்பளத்தில் இருந்துகொண்டு வேலையை விடலாமா என்று கேட்பவர்களுக்கு இந்தச் சீட்டு வந்தால் நான் ஒன்றும் சொல்வதில்லை. பறவையைக் காட்டி, “இது என்ன செய்கிறது, பாருங்கள்” என்று மட்டும் கேட்பேன்.

அதே சீட்டில் கீழே, தரையில் ஒரு நத்தையும் ஊர்கிறது. நான் அதைக் கவனிக்கவே மூன்று வருஷம் ஆயிற்று.