ஒரு பெட்டி வீரர்கள், இரண்டு நாடுகள்: வாசகர் கேள்வி–பதில்

வெவ்வேறு பிளாஸ்டிக் தொகுப்புகளின் தலை, கை, உடல், ஆயுதம் ஆகியவற்றை வெட்டி இணைத்துப் புதிய வீரர்களை உருவாக்குவதைக் ‘கிட்பாஷிங்’ என்கிறார்கள். அப்படி உருவாக்கிய படைகளைக் கொண்டு இடைக்காலக் கற்பனை நாடுகளின் போர்களை மேசைமேல் ஆடுவோர் அனுப்பிய கேள்விகளில் நான்குக்கு இம்முறை விடையளிக்கிறேன்.

கேள்வி: கடைத்தெருவில் பையில் அடைத்து விற்கும் பிளாஸ்டிக் வீரர்களை வாங்கித் தலைகளை மாற்றிப் பார்த்தேன். பிளாஸ்டிக் மாதிரிகளை ஒட்டப் பயன்படும் மாடல் பசையும் ஒட்டவில்லை, பெவிக்விக்கும் நிற்கவில்லை. நான் செய்யும் தவறு என்ன? (பள்ளி ஆசிரியை, செவ்வாய்ப்பேட்டை)

தவறு உங்களிடம் இல்லை. அந்தப் பிளாஸ்டிக்கின் இயல்பே அப்படி. வெட்டிய ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழி ஒட்டாதபடி விரலால் அமுக்கிவிட்டுப் பாருங்கள். மேலே வந்து மிதந்தால் அது பெரும்பாலும் பாலிஎதிலீன். சாதாரணப் பசை எதுவும் அதன் பரப்பை உறுதியாகப் பற்றாது. மூழ்கி, வளைத்தால் ரப்பர்போல் வளையுமானால் பெரும்பாலும் பிவிசி. அதற்குப் பெவிக்விக் போதும். மூழ்கி, வளைத்தால் படக்கென்று ஒடிவது பாலிஸ்டைரின். மாடல் பசை அதன் இரு பக்கங்களையும் கரைத்து ஒன்றாகவே உருக்கிவிடுவதால், காய்ந்தபின் இரண்டும் ஒரே துண்டாகிவிடும்.

பாலிஎதிலீன் வீரர்களை நீங்கள் தூக்கியெறிய வேண்டியதில்லை. கழுத்திலும் தலையிலும் நுண்ணிய துளையிட்டு, பழைய மின்கம்பியிலிருந்து உரித்த செம்புக்கம்பித் துண்டை ஆணிபோல் செருகி, சுற்றிலும் எபாக்சி (இரு பகுதிகளைக் கலந்தால் இறுகும் பசை) பூசினால் தலை அசையாது. அங்கே பிடிப்பைத் தருவது பசையன்று, கம்பிதான். சாமணம், சிறு அரம் போன்ற கருவிகளுக்கு நீங்கள் வெகுதூரம் போகவும் வேண்டாம். கொலுசுப் பட்டறைகளுக்குக் கருவி விற்கும் கடைகளில் கிடைப்பவை இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவை.

கேள்வி: பதினைந்தாம் நூற்றாண்டு ஆங்கிலக் காலாட்படைத் தொகுப்பு ஒன்றும், உதிரித் தலைகளும் கைகளும் என்னிடம் உள்ளன. இவற்றைக் கொண்டு ஒரு மலைநாட்டுப் படையும் ஒரு சமவெளி நாட்டுப் படையும் செய்ய விரும்புகிறேன். ஆனால் செய்தவரையில் எல்லாரும் ஒரே கூட்டமாகத் தெரிகிறார்கள். (கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி)

உங்கள் கடிதத்துடன் வந்த படங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு வீரரும் தனித்தனியே அழகாக இருக்கிறார். ஆனால் ஒருவரிடம் இருப்பது அடுத்தவரிடம் இல்லை. ஒரு படையை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது புதுமைகளின் எண்ணிக்கையன்று, ஒரே அடையாளம் திரும்பத் திரும்ப வருவதுதான் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

நீங்கள் வாங்கியிருக்கும் தொகுப்பின் வரலாறே இதைத்தான் சொல்கிறது. இங்கிலாந்தின் அரியணைக்காக 1455 முதல் 1487 வரை நடந்த ரோஜாப் போர்களில் இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே வகைத் தலைக்கவசமும் வில்லும் ஈட்டிக்கோடரியும் வைத்திருந்தார்கள். யார் யாருடைய ஆள் என்பதைத் தலைவனின் நிறத்தில் தைத்த மேற்சட்டையும் அதன்மேல் இட்ட சின்னமுமே காட்டின. வார்விக் பிரபுவின் ஆட்கள் சிவப்புச் சட்டையில் கணுக்கணுவான வெள்ளைக் கோலைச் சின்னமாக அணிந்தார்கள், மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் சின்னம் வெள்ளைக் காட்டுப்பன்றி. நம் மூவேந்தர் படைகளும் பூச்சூடியே வேறுபட்டன: சேரருக்குப் பனம்பூ, சோழருக்கு ஆத்தி, பாண்டியருக்கு வேம்பு. வேலும் வாளும் எல்லாரிடமும் இருந்தன. பூ நாட்டைச் சொன்னது.

ஆகவே கத்தியை எடுக்கும் முன் ஒவ்வொரு படைக்கும் ஒரு விதியை எழுதி வையுங்கள். மேசையில் ஆடும்போது வீரரை மூன்றடித் தொலைவிலிருந்துதான் பார்க்கிறோம். அந்தத் தொலைவில் முகமும் இடுப்புக்கச்சையும் தெரியாது. தலை, தோள், ஆயுதம் மூன்றின் வெளிவடிவம் மட்டுமே தெரியும். உங்கள் மலைநாட்டாருக்கு நான் சொல்வது இது: ஒருவருக்கும் தலைக்கவசம் வேண்டாம். வெறுந்தலைகளை மட்டும் பொறுக்கியெடுத்து, மாவுபோல் பிசையக்கூடிய எபாக்சிப் புட்டியை மிளகளவு உருட்டிப் பின்தலையில் கொண்டையாக வையுங்கள். சேலம், தருமபுரிப் பக்கத்து நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் வீரர்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வந்தால், கொண்டையை எந்த உயரத்தில் வைப்பது, கால்களை எப்படி அகட்டி நிறுத்துவது என்பதெல்லாம் தானே புலப்படும். தோளில் ஒரு கம்பளி. மெல்லிய டிஷ்யூ தாளைத் தண்ணீர் கலந்த பெவிக்காலில் நனைத்து, ஈரமாக இருக்கும்போதே மடிப்புகளை ஊசியால் ஒழுங்குபடுத்தினால் போதும். கையில் ஈட்டி மட்டும். சமவெளியாருக்குத் தொகுப்பிலுள்ள கவசத் தலைகள் அனைத்தையும் கொடுத்து, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரே அளவுள்ள சிறகொன்றைச் செருகிவிடுங்கள். விதியை மீறும் உரிமை படைத்தலைவருக்கும் கொடி பிடிப்பவருக்கும் மட்டும் இருக்கட்டும். மற்றவர்கள் ஒத்திருந்தால்தான் அவர்கள் இருவரும் கண்ணில் படுவார்கள்.

நம்மூர் எபாக்சிப் புட்டியான எம்-சீல் கொண்டைக்கும் கம்பளி ஓரத்துக்கும் நன்றாகவே உதவும். சற்றுச் சொரசொரப்பாக இருப்பதால் முகம் செதுக்க ஏற்றதன்று. பிசையும்போது கையுறை அணியுங்கள். இறுகாத எபாக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும்.

கேள்வி: 1/72 அளவு வீரர்களையும் 28 மி.மீ. வீரர்களையும் ஒரே படையில் சேர்க்கலாமா? (வங்கி ஊழியர், ஆத்தூர்)

மனிதர்களாகச் சேர்க்க முடியாது, வேறு இனமாகச் சேர்க்கலாம். 175 செ.மீ. உயரமுள்ள மனிதர் 1/72 அளவில் ஏறத்தாழ 24 மி.மீ. இருப்பார். 28 மி.மீ. என்பதைப் பலரும் பாதத்திலிருந்து கண்வரை அளப்பதால், அந்த வீரரின் முழு உயரம் 30 மி.மீ.யையும் தாண்டும். இந்த இடைவெளி ஒரு குள்ளர் கூட்டத்துக்கு மிகப் பொருத்தம். ஆயுதங்களை மட்டும் பெரிய தொகுப்பிலிருந்து எடுத்துக் கொடுங்கள்; மெலிந்த ஈட்டியோடு நின்றால் அவர்கள் குள்ளராகத் தெரியாமல், தொலைவில் நிற்கும் மனிதராகத் தெரிவார்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் நான் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்த பன்னிரண்டு வீரர்கள் மேல் வெள்ளைப் படலம் படிந்துவிட்டது. மீட்க வழியுண்டா? (இல்லத்தரசி, ஏற்காடு)

உண்டு, கவலைப்படாதீர்கள். ஸ்ப்ரேயிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. மூடுபனிக் காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து, காயும் வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்கிறது. அந்த ஈரமே வெள்ளையாகத் தெரிகிறது. வீரர்களை இரண்டு நாள் உலர்ந்த அறையில் வைத்துவிட்டு, தூரிகையால் பளபளப்பு வார்னிஷை மெல்லிய ஒரு பூச்சாகப் பூசுங்கள். பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். பிறகு பளபளப்பைக் குறைக்க மேட் வார்னிஷையும் தூரிகையாலேயே பூசலாம்.

வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சான பிரைமருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஏற்காட்டில் பனி இறங்கும் மாதங்களில் ஸ்ப்ரே டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டுத் தூரிகைப் பிரைமரை நம்புவதே நல்லது. ஸ்ப்ரேதான் வேண்டுமென்றால், வீரர்களை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கிச் சேலத்துக்கு இறங்கும் நாளில் எடுத்துச் செல்லுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஈட்டிகள் ஒடியாமலிருக்க, ஒவ்வொரு வீரரையும் பஞ்சில் சுற்றி வையுங்கள்.