கையைக் கண்டாலே ஓடுகிற குட்டி இகுவானா

கேள்வி: அக்கா, பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு குட்டிப் பச்சை இகுவானா வாங்கினேன். வாலோடு சேர்த்து ஒரு ஸ்கேல் நீளம்கூட இல்லை. இரண்டடி மீன்தொட்டியில் விட்டு, தொட்டியைத் தரையில் ஜன்னலோரம் வெயில் படும்படி வைத்திருக்கிறேன். எடுக்கப் போனால் உடம்பை உப்பிக்கொண்டு வாலால் விளாசுகிறது, இரண்டு தடவை கடித்தும் விட்டது. கிளவுஸ் போட்டுத் தினமும் அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தால் அடங்கிவிடும் என்று நண்பன் சொன்னான். அதையும் செய்கிறேன், நாளுக்கு நாள் மோசமாகிறது. கடையில் சொன்னபடி வெட்டுக்கிளியும் அவித்த முட்டையும் வைக்கிறேன், சரியாகச் சாப்பிடவில்லை. அடிக்கடி தும்முகிறது. திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார் அம்மா. இது பழகுமா, பழகாதா?

பதில்: தம்பி, முதலில் அந்தக் கிளவுஸைக் கழற்றி வையுங்கள். அழுத்திப் பிடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பழகும், நன்றாகவே பழகும், ஆனால் இந்த வழியில் பழகாது.

உங்கள் குட்டியின் உச்சந்தலையை ஒரு நாள் நிதானமாகப் பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவில், கொஞ்சம் பின்னால் தள்ளி, வெளிறின ஒரு சின்ன வட்டச் செதில் தெரியும். அதுவும் ஒரு கண்தான். அதில் உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரத்தில் வாழ்கிற பிராணி இது, அங்கே குட்டியாக இருக்கும்போது பருந்து முதல் பாம்பு வரை எல்லாமே இதைத் தின்னப் பார்க்கும். மேலேயிருந்து ஒரு நிழல் விழுந்தால் ஓடு, ஓட முடியாவிட்டால் அடி, அதுவும் முடியாவிட்டால் செத்தது போல் கிட, இவ்வளவுதான் அதற்குப் பிறவியிலேயே தெரிந்த பாடம். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தரையில் இருக்கிற தொட்டிக்குள் மேலேயிருந்து கையை விடுகிறீர்கள். அது உங்களை வெறுக்கவில்லை தம்பி, உங்கள் கையைப் பருந்து என்று நினைக்கிறது. அரை மணி நேரம் பிடித்து வைத்தபின் அசையாமல் கிடக்கிறதே, அது அடங்கினதும் இல்லை, பழகினதும் இல்லை, சாகப்போகிறோம் என்று கிடக்கிறது. தினமும் ஒரு தடவை அந்தப் பயத்தை அனுபவிக்கிற குட்டி எப்படிச் சாப்பிடும்?

ஆகவே முதல் வேலை, கூட்டை உயரத்தில் வையுங்கள். உங்கள் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கலாம். இந்த ஒரு மாற்றத்தாலேயே பாதிப் பதற்றம் குறைவதை நான் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் மரத்து மேல் இருக்கிற பிராணிக்கு எல்லாரையும் குனிந்து பார்க்கிற இடம்தான் பத்திரமான இடம். அப்புறம் இரண்டு வாரம், அவசியம் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். தீனி வையுங்கள், தண்ணீர் மாற்றுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள், போன் பேசுங்கள், அவ்வளவுதான். நீங்கள் போட்டுக் கழற்றிய பழைய பனியன் ஒன்றைக் கூட்டுக்குள் ஒரு மூலையில் போட்டு வையுங்கள். வாசனையை நாக்கால் அறிகிற பிராணி அது, நாக்கை நீட்டி நீட்டித் தொட்டுப் பார்த்து உங்கள் வாசனைக்குப் பழகட்டும்.

மூன்றாவது வாரம் கையை உள்ளே கொண்டுபோய் சும்மா வையுங்கள். பக்கவாட்டிலிருந்து, கீழ் மட்டத்திலிருந்து, அதன் கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். கையில் ஒரு செம்பருத்திப் பூ இருக்கட்டும். சிவப்புச் செம்பருத்தி என்றால் பெரும்பாலான இகுவானாவுக்கு உயிர். முதல் நாள் வராது, நான்காம் நாளும் வராது, ஏதோ ஒரு நாள் ஒரு இதழைப் பிய்த்துக்கொண்டு ஓடும். அந்த நாள் வரும்வரை காத்திருங்கள், அவசரப்பட்டுத் தடவப் போகாதீர்கள்.

அது கையிலிருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் தூக்குவது. கையை வயிற்றுக்கு அடியில் நுழைத்து, நாலு காலுக்கும் பிடிமானம் கிடைக்கிற மாதிரி ஏந்தித் தூக்குங்கள். வாலைப் பிடிக்கவே கூடாது, பல்லி மாதிரி இதுவும் வாலை விட்டுவிட்டு ஓடும். திரும்ப முளைக்கும், ஆனால் குட்டையாக, கருப்பாக, பழைய அழகு வராது. தூக்கினதும் அது துள்ளினால் பயந்துபோய் உடனே கீழே விட்டுவிடாதீர்கள். துள்ளினால் விட்டுவிடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும். அழுத்தாமல், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஏற விட்டுக்கொண்டே இருங்கள், பத்து விநாடி அமைதியாக நின்றதும் நீங்களே கூட்டில் விடுங்கள்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. காய்ந்த பாத்ரூம் மாதிரி ஒளிய இடமில்லாத ஒரு சின்ன அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு (தண்ணீர் போகிற ஓட்டையையும் டாய்லெட்டையும் மூடிவிடுங்கள்) அதை இறக்கிவிட்டு நீங்கள் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஏறுவதற்கு அந்த அறையில் உங்களைத் தவிர வேறு ஒன்றும் இருக்கக் கூடாது. தினமும் இருபது நிமிடம். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு நாள் உங்கள் முழங்காலில் ஏறும், அப்புறம் தோள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். சில குட்டி மூன்று மாதத்தில், சிலது ஒரு வருடத்தில். தடவும்போது கண்ணை மூடிக்கொண்டால் சுகமாக இருக்கிறது என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள், பிடிக்காததைப் பார்க்காமல் இருக்கவும் இவை கண்ணை மூடும். உடம்பு தளர்ந்திருக்கிறதா, அலைதாடி (தொண்டைக்குக் கீழே தொங்குகிற தோல்) மடிந்து தொங்குகிறதா, வால் சும்மா கிடக்கிறதா என்று பாருங்கள். அலைதாடியை விரித்து, பக்கவாட்டில் திரும்பித் தன்னைப் பெரிதாகக் காட்டினால், கையை எடு என்று சொல்கிறது, எடுத்துவிடுங்கள்.

சரி, இதையெல்லாம்விட என்னை அதிகம் பயமுறுத்தியது உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்த ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டி. என் முதல் இகுவானாவை நான் இழந்தது அப்படித்தான். தினமும் வெயில் படுகிறதே என்று நிம்மதியாக இருந்தேன். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-3 தோலில் உருவாக வெயிலில் இருக்கிற யுவிபி கதிர் வேண்டும், அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. டி-3 இல்லாவிட்டால் தின்கிற கால்சியம் உடம்பில் சேராது, ரத்தத்துக்கு வேண்டியதை உடம்பு எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். பத்து மாதத்தில் அதன் தொடை இரண்டும் பருத்தன. நன்றாகச் சாப்பிட்டுச் சதை போடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் எலும்பு கரைந்து வீங்கியிருந்தது. தாடை ரப்பர் மாதிரி ஆகி, விரல்கள் நடுங்க ஆரம்பித்த பிறகுதான் மருத்துவரிடம் ஓடினேன், காலம் கடந்துவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் வலிக்கிறது. உங்கள் குட்டி நடக்கும்போது வயிற்றைத் தரையிலிருந்து தூக்கி நடக்கிறதா, இழுத்துக்கொண்டு போகிறதா என்று இன்றே கவனியுங்கள். இழுத்தாலோ விரல் நடுங்கினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். ஊர்வனவற்றைப் பார்ப்பார்களா என்று முதலில் போனில் கேட்டுவிட்டு, அருகில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மரச்சட்டமும் கம்பி வலையுமாக ஒரு கூடு தச்சரிடம் சொல்லிச் செய்யுங்கள், குட்டிக்கு இப்போதைக்கு நாலடி உயரம் போதும், உள்ளே சாய்வாகக் கிளைகள் வேண்டும். ஊர்வனவற்றுக்கென்றே விற்கிற யுவிபி விளக்கைக் கிளையிலிருந்து ஓரடி தூரத்தில் தினமும் பன்னிரண்டு மணி நேரம் எரிய விடுங்கள். பல்பு எரிந்துகொண்டே இருந்தாலும் யுவிபி தேய்ந்துவிடும், ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் மாற்ற வேண்டும், எத்தனை மாதம் என்று அட்டையில் போட்டிருக்கும். விளக்கு வந்து சேரும்வரை, அப்புறமும்தான், காலை எட்டு ஒன்பது மணி வெயிலில் கம்பிக் கூண்டில் வைத்து அரை மணி நேரம் வெளியே காட்டுங்கள். கூண்டில் பாதி நிழல் இருக்க வேண்டும், நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், காக்கையும் பூனையும் சும்மா விடாது. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் உள்ளேயே வெந்துவிடும்.

குளிர் காய்கிற மேல்கிளையில் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், மற்ற இடத்தில் 26 முதல் 30 போதும். பொள்ளாச்சியில் பெரும்பாலான மாதம் இதற்குப் பாடுபட வேண்டியதில்லை, ஆனால் மார்கழி, தை இரவுகளில் 23க்குக் கீழே போகவிடாமல் வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டர் ஒன்று போடுங்கள். சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. ‘ஹீட் ராக்’ என்று சூடாகும் கல் விற்பார்கள், வாங்காதீர்கள், வயிறு வெந்துபோனாலும் அதற்குச் சட்டென்று தெரியாது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளியுங்கள்.

தீனிக்கு வருவோம். வெட்டுக்கிளி, முட்டை இரண்டையும் நிறுத்துங்கள். பச்சை இகுவானா பிறந்த நாளிலிருந்து இலை தின்கிற பிராணி. இலையைச் செரிக்கிற கிருமிகள் வயிற்றில் சேர வேண்டும் என்பதற்காகக் காட்டில் குட்டிகள் பெரிய இகுவானாவின் எச்சத்தைத் தின்னும், அந்த அளவுக்கு அதன் குடல் இலைக்கென்றே அமைந்தது. மாமிசப் புரதம் அதன் சிறுநீரகத்தை மெல்ல மெல்லக் கெடுத்துவிடும், வெளியே தெரியும்போது ஒன்றும் செய்ய முடியாது. நம் ஊர் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்த ஊர்: முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, செம்பருத்தி இலை, பட்டுப்பூச்சி வளர்க்கிறவர்கள் யாராவது தெரிந்தால் மல்பெரி இலை, இவற்றை மாற்றி மாற்றிப் பொடியாக நறுக்கி வையுங்கள். கூடவே துருவின மஞ்சள் பூசணி, பீன்ஸ், புடலங்காய் கொஞ்சம். பப்பாளி, மாம்பழம் வாரத்துக்கு ஒரு துண்டு. பாலக்கீரை, தண்டுக்கீரை, முளைக்கீரை வேண்டாம், அவற்றில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெங்காயம், பூண்டு, அவகாடோ ஆகாது. கடைக்கீரையைப் பலமுறை அலசுங்கள். பாஸ்பரஸ் சேராத கால்சியம் பொடியை லேசாகத் தூவி, காலையிலேயே வைத்துவிடுங்கள், பகல் சூட்டில் செரிக்கட்டும்.

தும்மலுக்குப் பயப்பட வேண்டாம். உடம்பில் அதிகமான உப்பை மூக்கு வழியாக வெளியேற்றுகிற சுரப்பி அதற்கு உண்டு, தொட்டிச் சுவரில் வெள்ளைப் புள்ளியாகக் காய்ந்திருக்கும், பாருங்கள். வாயைத் திறந்தபடியே மூச்சு வாங்கினாலோ, மூக்கில் சளி ஒழுகினாலோதான் மருத்துவர்.

பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? 2022-இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அயல்நாட்டு இகுவானா வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். 2024-இல் வந்த விதிகளின்படி, வாங்கிய முப்பது நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது, இந்த வாரமே முடியுங்கள். உடும்பு வளர்க்கிறான் என்று யாராவது புகார் சொன்னாலும் (உடும்பு வளர்ப்பது பெரிய குற்றம்) காட்ட உங்களிடம் காகிதம் இருக்கும்.

அம்மா சொல்வதையும் தள்ளிவிட முடியாது. இந்தக் குட்டி மூன்று நான்கு வருடத்தில் ஐந்தடியைத் தொடும், நாலைந்து கிலோ இருக்கும், நன்றாக வளர்த்தால் பதினைந்து வருடத்துக்கு மேல் வாழும். அதற்கு ஆறடி உயரக் கூடு வேண்டும். ஆணாக இருந்தால் இனப்பெருக்கக் காலத்தில் பழகின ஆளையே முறைக்கும், பெண்ணாக இருந்தால் ஆண் இல்லாமலே முட்டையிடும், மண்பெட்டி வைக்க வேண்டும். சால்மொனெல்லா கிருமி இவற்றின் எச்சத்தில் சகஜம், ஆகவே தொட்டபின் ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், இதன் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், வீட்டில் சின்னக் குழந்தையோ உடம்பு முடியாத பெரியவரோ இருந்தால் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். இதை அம்மாவிடம் நீங்களே சொல்லிக் கடைப்பிடித்தால் அவர் பாதி சமாதானம் ஆகிவிடுவார்.

எல்லாம் கேட்டபின் முடியாது என்று தோன்றினால் தயங்காமல் இப்போதே, குட்டியாக இருக்கும்போதே, வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் முறைப்படி பதிவை மாற்றிக் கொடுத்துவிடுங்கள். ஆழியாறு பக்கம் ஒரு மரத்தில் விட்டுவிடலாம் என்று மட்டும் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வளர்த்தவர்கள் விட்டதும் தப்பிப் போனதும் பெருகித்தான் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2021-இல் இகுவானா வளர்ப்பையே தடை செய்யும் நிலை வந்தது, தைவானும் இதே தலைவலியோடு இருக்கிறது. ஆனைமலைக் காடு உங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரம்.

வைத்துக்கொள்வதென்றால் முருங்கைக்கீரை இன்றைக்கே, தச்சரை ஞாயிற்றுக்கிழமை பாருங்கள், கை மூன்றாவது வாரம்தான். அது முதல் செம்பருத்தி இதழைப் பிய்த்த அன்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.