ஒரே துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பையன்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

சிறு வயதில் வீட்டு டேப் ரெக்கார்டரில் வில்லுப்பாட்டு பதிந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த கட்டுரையை என் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு வீட்டில் நடந்த பேச்சுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

நாங்கள் குழித்துறை பக்கம். நான் பள்ளி ஆசிரியை, கணவர் மஸ்கட்டில். மகன் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு வருடமாக அவனுக்குப் பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. முழுப் பாட்டுகூட இல்லை, நடுவில் வரும் ஒரு புல்லாங்குழல் துண்டை மட்டும் ராத்திரி வெகுநேரம் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்கிறான். போனில் பாடிப் பதிந்து, அதன்மேல் இன்னொரு குரலில் பாடிச் சேர்க்கிறான். துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிறான், கேட்டால் ‘எதிரொலி வராது’ என்கிறான். என் மாமியார் பாடும் தாலாட்டை அவருக்கே தெரியாமல் பதிந்துவிட்டான், அதில் ஒரு சண்டை.

இப்போது கண்டென்சர் மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், மானிட்டர் ஸ்பீக்கர் என்று ஒரு பட்டியல் தந்திருக்கிறான். இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டுகிறது. ‘பத்தாம் வகுப்பு முடியட்டும்’ என்கிறார் அவன் அப்பா. இந்தப் பித்து படிப்பைக் கெடுக்குமா? வாங்குவதென்றால் எதை வாங்குவது?

எஸ்., குழித்துறை

*

அன்புள்ள எஸ்.,

புல்லாங்குழல் துண்டைப் பற்றி நீங்கள் கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அந்த வரிதான் பெரிய சந்தோஷம் தந்தது. ஒரு பாட்டை முதல்முறை கேட்கிறவனுக்குப் பாடகரின் குரல் மட்டுமே கேட்கும். பத்தாவது முறையில் அடியில் நடக்கும் பேஸ் கிட்டார் கேட்கும். இன்னும் கேட்டால், புல்லாங்குழல் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது, அந்த இடைவெளியில் வயலின் எப்படி நுழைகிறது என்பதெல்லாம் தெளியும். உங்கள் மகன் ஒரு பாட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் படித்துக்கொண்டுதான் இருக்கிறான், பாடப்புத்தகம் கையில் இல்லை, அவ்வளவே.

எங்கள் வீட்டில் இது எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். எண்பதுகளில் தக்கலை பக்கம் வளர்ந்தவன் நான். கல்ஃபில் இருந்த மாமா விடுமுறைக்கு வந்தபோது ஒரு நேஷனல் பானாசோனிக் மோனோ டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். அது பாட்டுக்காக வந்ததல்ல, கடிதத்துக்காக வந்தது. அன்று கல்ஃபுக்கு ட்ரங்க் கால் போடுவது எளிதல்ல. குரலைக் கேசட்டில் பதிந்து, போகிறவர் கையில் கொடுத்தனுப்புவோம். ஆச்சி பேசுவாள், அம்மா பேசுவாள், பொத்தானை அழுத்துவது என் வேலை. ஒருமுறை பதிந்துகொண்டிருக்கும்போது ஓட்டுக்கூரையில் மழை பிடித்துக்கொண்டது. பேச்சு பாதி கேட்கவில்லை என்று அம்மாவுக்கு வருத்தம். மாமாவின் பதில் கேசட்டில் இருந்தது: “அடுத்த தடவையும் மழ பெய்யும்போ பதிஞ்சு விடுங்கடே.” பேச்சுக்குப் பின்னால் இருப்பதையும் ஒருவர் காது கொடுத்துக் கேட்பார் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

பிறகு பாட்டு. இலங்கை வானொலி எங்கள் கரையில் பகலிலும் நன்றாக எடுக்கும். மத்திய அலை நிலத்தின்மேல் வருவதைவிட உப்புக்கடல்மேல் வரும்போது குறைவாகத்தான் தேய்கிறது. ராத்திரியானால் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் தூரத்து நிலையங்களும் சேர்ந்து வந்து, பாட்டு அலைபோல ஏறி இறங்கும். 1984 அக்டோபரில் நாகர்கோவில் வானொலி தொடங்கியது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அது. பாட்டைப் பதிய, அறிவிப்பாளர் பேச்சை முடிக்கும் நொடிக்காக இரண்டு பொத்தான்களிலும் விரலை வைத்துக் காத்திருப்போம்.

கரண்ட் போனால் பேட்டரி. பேட்டரி சோர்ந்தால் நாடா மெதுவாக ஓடும், சுருதி இறங்கும். எல்லோரும் பேட்டரியை வெயிலில் வைக்கச் சொல்வார்கள். நான் சோர்ந்த பேட்டரிகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். வேகமான வயலின் துண்டுகளைப் பிடிக்க அவைதான் வேண்டும். நாடாவின் வேகம் சரிபாதியானால் பாட்டு ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், சுரங்கள் ஒவ்வொன்றாக நின்று நின்று வரும். இன்று உங்கள் மகன் சுருதி மாறாமலேயே வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம், போனிலேயே அதற்கு வசதி உண்டு. அவனுக்கு அதைக் காட்டிக்கொடுங்கள்.

வில்லுப்பாட்டுக்கு வருகிறேன். எங்கள் குடும்பக் கோவில் கொடைத் திருவிழாவில், பாட்டு நடக்கும்போது மேடைக்கு எதிரே, நடுவில், ரெக்கார்டரை வைத்தேன். வீட்டில் வந்து கேட்டால் குடத்தில் பத்தி என்ற மட்டை விழும் ஒவ்வொரு அடிக்கும் முதன்மைப் பாடகரான புலவரின் குரல் அமிழ்ந்து போய் மெல்ல மேலே வருகிறது. பாட்டு நின்ற இடத்தில் கூட்டத்தின் இரைச்சல் பொங்குகிறது. அந்த மாதிரி ரெக்கார்டர்களுக்குள் ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் சுற்று ஒன்று உண்டு. பெரிய சத்தம் வந்தால் மொத்தத்தையும் அமுக்கும், அமைதி வந்தால் மொத்தத்தையும் தூக்கும். அதை அணைக்க வழியில்லை. ஆனால் இடத்தை மாற்றலாம். தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். குடத்தை விட்டு விலகி, புலவர் பக்கமாக, தரையில் படாமல் மடித்த துண்டின்மேல் ரெக்கார்டரை வைத்தபோது எல்லாம் மாறிவிட்டது. குரல் முன்னால், உடுக்கை அதன் ஓரத்தில், வில்லின் மணிகள் மேலே, குடம் பின்னால். வலத்தே பாடுகிறவர் விட்ட வரியை இடத்தே பாடுகிறவர்கள் எந்த எழுத்தில் பிடிக்கிறார்கள் என்பதுகூடத் தெரிந்தது. கொடைக்குக் கொடை அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவன்தான், ஆனாலும் அதை அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

ஒரு குரல்மேல் இன்னொரு குரல் சேர்ப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பசி எனக்கும் இருந்தது. பக்கத்து சி.எஸ்.ஐ. ஆலயப் பாடகர் குழு கிறிஸ்துமஸுக்கு முன்பு சாயங்காலங்களில் பயிற்சி எடுக்கும். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று மேலிருந்து கீழாக நான்கு குரல். வெளியே மதிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மேலே போகிற மெட்டை எல்லோரும் முணுமுணுப்பார்கள். ஒன்றிரண்டு சுரங்களிலேயே நின்று கொண்டிருக்கும் அந்த பேஸ் குரல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதை என் ஒருவன் குரலிலேயே செய்துபார்க்க வேண்டும் என்று வெறி.

கேசட்டில் நாடா முதலில் அழிக்கும் ஹெட்டைத் தாண்டித்தான் பதியும் ஹெட்டுக்கு வரும். அழிக்கும் ஹெட்டின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்தால் பழைய குரல் முழுதாக அழியாமல் புதியது அதன்மேல் ஏறும். ஆனால் பதியும் ஹெட்டில் குரலோடு பயாஸ் என்ற, காதுக்கு எட்டாத உயர் அதிர்வும் சேர்ந்து ஓடுகிறது. அது பழைய பதிவின் கீச்சுப் பகுதியை உரித்துவிடும். அதனால் முதல் குரல் கம்பளிக்குள் இருந்து பாடுவதுபோல் இருக்கும். அதைவிடச் சிக்கல், பதியும்போது பழையதைக் கேட்க முடியாது. தாளத்தைக் காலால் எண்ணிக்கொண்டு நம்பிக்கையில் பாட வேண்டும். பிறகு இரண்டு டேப் வைத்துச் செய்தேன்: ஒன்றில் பாட்டை ஓடவிட்டு, கூடவே பாடி, இரண்டையும் சேர்த்து மற்றதில் பதிவது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் நாடாவின் ‘ஸ்ஸ்’ கூடிக்கொண்டே வரும். சாதாரண கேசட்டிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியும் போர்ட்டாஸ்டூடியோவை டாஸ்காம் நிறுவனம் 1979-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதன் படத்தைக்கூட நான் பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன்.

உங்கள் மகனின் போனில் எத்தனை தடம் வேண்டுமானாலும் கிடைக்கும். இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு: நான்குக்கு மேல் போகாதே என்று சொல்லுங்கள். நான்கு தடம்தான் உண்டு என்றால் எந்தக் குரல் தேவை, எது வெறும் நிரப்பல் என்று அவனே முடிவெடுத்தாக வேண்டும். பின்னால் எஃபெக்ட் போட்டு மறைக்கலாம் என்ற எண்ணமும் வராது.

படிப்பைப் பற்றி. தூக்கத்துக்கும் பாடத்துக்கும் நேரம் வரையறுங்கள், அது உங்கள் கடமை. ஆனால் தண்டனையாக இசையைப் பிடுங்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ஒலி என்று ஒரு பாடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். எதிரொலி தனியாகக் கேட்க, சுவர் ஏறத்தாழ 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று அதில் வருகிறது. உங்கள் அறை அவ்வளவு பெரிதாக இருக்காது. அலமாரிக்குள் தலையை விட்டு அவன் தவிர்ப்பது எதிர்முழக்கத்தை, அதாவது சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பி ஒலி நீள்வதை. துணிகள் அதை உறிஞ்சிக்கொள்கின்றன. செய்து பார்த்துவிட்டுப் பாடத்துக்கு வருகிற மாணவன் கிடைப்பது ஆசிரியருக்கு எவ்வளவு அபூர்வம்! அவன் இசையமைப்பாளர் ஆவானா என்று நீங்கள் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை யாரும் அவனிடம் இப்போது கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பட்டியல். கண்டென்சர் மைக் இப்போது வேண்டாம். அது எல்லாவற்றையும் கேட்கும். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மழை இல்லாத நாளில் சாலையில் வண்டி, ராத்திரி சீவிடுப் பூச்சி. வாயருகே வைத்துப் பாடும் டைனமிக் மைக் போதும், முன்பக்கம் வருவதை எடுத்துப் பின்பக்கத்தைப் பெருமளவு தள்ளிவிடும் வகை. மேடைகளில் இன்றும் காணும் ஷூர் எஸ்.எம்.58 அந்த வகைதான், 1966-ல் வந்தது. அதேபோல் விலை குறைந்தவையும் நன்றாக உழைக்கின்றன. பதிந்ததைக் கேட்டுச் சரிபார்க்கும் மானிட்டர் ஸ்பீக்கரும் வேண்டாம். சிறிய, வெறுஞ்சுவர் அறையில் நல்ல ஸ்பீக்கரும் பொய் சொல்லும். காதை மூடும், வயர் உள்ள ஹெட்போன் வாங்குங்கள். ப்ளூடூத் கண்டிப்பாகக் கூடாது, அதில் ஒலி தாமதித்து வருவதால் இரண்டாவது குரல் முதல் குரலோடு சேராது. மைக்கைக் கம்ப்யூட்டரோடோ போனோடோ சேர்க்க, இரண்டு இணைப்புள்ள சின்ன இன்டர்ஃபேஸ் ஒன்று. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் ஆடாசிட்டி, ஒலியைப் பதிந்து திருத்த 2000 முதல் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். அவன் கேட்டதில் பாதிக்கும் குறைவான பணத்தில் இது முடியும். சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொல்வார்கள், வெளிச் சத்தத்தை அது தடுக்காது. பஞ்சு மெத்தையைச் சுவரோடு சாய்த்து வைத்தால் அறைக்குள் எழும் முழக்கமாவது குறையும். அலமாரி இன்னும் நல்லது.

ஆனால் ஒரு பைசா செலவழிக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவன் திருட்டுத்தனமாகப் பதிந்த தாலாட்டை ஆச்சியிடம் போட்டுக் காட்டட்டும். அழி என்று அவர் சொன்னால் அழிக்கட்டும். இன்னொருவர் குரலைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதை மைக் பிடிக்கும் வயதிலேயே அவன் அறிய வேண்டும். அவர் சம்மதித்தால், இந்த முறை ஒழுங்காகப் பதியட்டும். மின்விசிறியை நிறுத்தி, போனை ஃப்ளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல் வைக்கட்டும். வாயிலிருந்து ஒரு சாண் தூரம், கொஞ்சம் பக்கவாட்டில். நேராக வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று இடிக்கும். முதலில் தேதி, ஊர், பாடுகிறவர் பெயர், யாரிடம் கற்றார் என்பதை அவன் குரலிலேயே சொல்லட்டும். எங்கள் பழைய கேசட்டுகளில் பாதி இந்த நான்கு விவரம் இல்லாமல்தான் யாருடையது என்று தெரியாமல் கிடக்கின்றன, மீதியில் மழைக்காலப் பூஞ்சை. ஒலியைச் சுருக்கிக் கொஞ்சம் இழக்கும் எம்.பி.3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பாக, நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட். போனில் ஒரு பிரதி, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, மஸ்கட்டுக்கு ஒன்று.

அன்புடன்