நோட்டும் பையும் வாங்கித் தந்தால் போதுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து வருடாவருடம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு நோட்டு, புத்தகம், பை எல்லாம் வாங்கித் தருகிறோம். இதனால் பிள்ளைகளின் படிப்புக்கு உண்மையிலேயே பலன் உண்டா?

பதில்: பிள்ளைகளுக்குச் சந்தோஷம், பெற்றோருக்கு ஒரு செலவு மிச்சம். அதனால் நிறுத்தாதீர்கள். ஆனால் அதனாலேயே படிப்பு வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1990களின் நடுவில் மேற்கு கென்யாவில் ஒரு தொண்டு நிறுவனம் கிராமத்துப் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் கொடுத்தது. புத்தகம் கிடைத்த பள்ளிகளையும் கிடைக்காத பள்ளிகளையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது சராசரி மதிப்பெண்ணில் முன்னேற்றமே இல்லை, ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னே போயிருந்தார்கள். ஏன் தெரியுமா? புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, அங்கே பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. புத்தகம் கையில் இருக்கிறது, வாசிக்கத்தான் வரவில்லை. அதனால் அடுத்த முறை கடைக்குப் போவதற்கு முன் பள்ளி ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறார்கள்? அந்தப் பதிலைக் கேட்ட பிறகு உங்கள் பணம் எங்கே போகவேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: இலவசப் பள்ளி இருந்தும் பிள்ளையை அனுப்பாத பெற்றோரை என்ன சொல்வது? இது பொறுப்பின்மை இல்லையா?

பதில்: அப்படிச் சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. பள்ளிக்கட்டணம் இல்லை என்பதால் பள்ளி இலவசமாகிவிடாது. பன்னிரண்டு வயதுப் பெண் வீட்டில் இருந்தால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வாள், அம்மா கூலி வேலைக்குப் போகலாம், அறுவடை நேரத்தில் அவளும் கூடப் போனால் இன்னொரு ஆள் கூலியும் வரும். அவளைப் பள்ளிக்கு அனுப்பினால் இத்தனையும் போகும். வயிற்றுக்கே கணக்குப் பார்க்கிற குடும்பத்துக்கு அது பெரிய தொகை.

மெக்சிகோ அரசு இதைப் புரிந்துகொண்டுதான் 1997இல் புரோகிரெசா என்ற திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளை பள்ளி நாட்களில் 85 சதவீதமாவது வந்திருந்தால் வீட்டுக்குப் பணம், அதுவும் தாயின் கையில். தொடக்கப் பள்ளியைத் தாண்டியதும் பெண் பிள்ளைகளைத்தான் அதிகம் நிறுத்துகிறார்கள் என்பதால் அந்த வகுப்புகளில் அவர்களுக்குத் தொகையும் கூடுதல். தொடக்கப் பள்ளி முடித்து அடுத்த கட்டத்துக்குப் போகிற பிள்ளைகளின் எண்ணிக்கை நன்றாக ஏறியது, பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் அதிகமாக. அதே பெற்றோர்தான். வீட்டு நெருக்கடி கொஞ்சம் தளர்ந்தது, அனுப்பினார்கள்.

கேள்வி: நான் நன்கொடை தரும் நிறுவனம் படிப்புக்கு என்று சொல்லிவிட்டு ஆடு மாடு வாங்கித் தருகிறது, பெண்களுக்குச் சேமிப்புக் குழு நடத்துகிறது. என் பணம் திசை மாறிப் போகிறதோ என்று சந்தேகம்.

பதில்: கணக்கைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அந்த வேலையே தவறு என்று நினைக்காதீர்கள். முன் கேள்விக்குச் சொன்ன பதில்தான் இதற்கும்: வீடு நிமிராமல் பிள்ளை பள்ளியில் நிலைக்காது.

வங்கதேசத்தில் ஃபஸ்லே ஹசன் ஆபெத் 1972இல் தொடங்கிய பிராக் என்ற தொண்டு நிறுவனத்தையே பாருங்கள். 1971 விடுதலைப் போரில் அகதியாகப் போய்த் திரும்பியவர்களுக்கு உதவத்தான் முதலில் வந்தார்கள். 1985இல் ஓரறைப் பள்ளிகள் ஆரம்பித்தார்கள்: முப்பது பிள்ளைகள் போல, பெரும்பாலும் பெண் பிள்ளைகள், பாடம் சொல்லித்தருவது அதே ஊர்ப் பெண், தினம் சில மணி நேரம்தான், எந்த நேரம் என்பதையும் பெற்றோரோடு பேசி முடிவு செய்வார்கள். அப்புறம் 2002இல், கடன் வாங்கிப் பிழைக்கவும் வழியில்லாத மிக ஏழைகளுக்கென்று தனித் திட்டம். ஒரு மாடோ சில ஆடுகளோ கொடுப்பது, வளர்க்கப் பயிற்சி, வருமானம் வரும்வரை சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பணம், சேமிப்பு, மருத்துவ உதவி, அடிக்கடி வீடு தேடி வந்து விசாரிக்கிற ஒரு பணியாளர், இப்படி சுமார் இரண்டு வருடம். இதே முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு என்று ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் அந்தக் குடும்பங்களின் சாப்பாடும் வருமானமும் முன்பைவிட மேலாகவே இருந்தன. ஹோண்டுராஸில் மட்டும் கொடுத்த கோழிகள் நிறைய நோயில் செத்துப்போய், சொத்தே மிஞ்சவில்லை. அதனால் உங்கள் நிறுவனத்திடம் ஆடு ஏன் என்று கேட்காதீர்கள். ஆட்டுக்கு நோய் வந்தால் யார் பார்ப்பார்கள், ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்கு யார் போனார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: குறைந்த செலவில் பெரிய பலன் தருவது எது?

பதில்: குடற்புழு மாத்திரை. அதே மேற்கு கென்யாவில் பள்ளியிலேயே கொடுத்துப் பார்த்தபோது பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருப்பது கால் பங்கு குறைந்தது. புழுத் தொற்று அதிகம் உள்ள இடத்துக்குத்தான் இது பொருந்தும், எல்லா ஊருக்கும் அல்ல.

கேள்வி: என்னிடம் கொடுக்கப் பணம் இல்லை. படித்திருக்கிறேன், மாலையில் நேரம் இருக்கிறது. நான் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறைய! உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு இதைச் செய்து பார்த்திருக்கிறது. ஊர்க்கூட்டம் போட்டு, உங்கள் பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை, பள்ளிக் குழுவில் சேர்ந்து கேளுங்கள் என்று மக்களிடம் சொன்னார்கள். அதனால் பள்ளியில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அதே ஊர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து மாலை வாசிப்பு வகுப்பு நடத்த விட்டபோது, வந்த பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஒரே குறை, வாசிக்கத் தெரியாதவர்களிலும் சிறு பகுதியினரே வகுப்புக்கு வந்தார்கள். ஆகவே நீங்கள் வகுப்பைத் திறந்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம், வீடு வீடாகப் போய்க் கூட்டி வாருங்கள். வந்தவர்களை வயதை வைத்துப் பிரிக்காமல், எழுத்து தெரிந்தவர்கள், சொல் வாசிப்பவர்கள், வரி வாசிப்பவர்கள் என்று உட்கார வையுங்கள். பரீட்சை, மதிப்பெண் எதுவும் வேண்டாம். ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.