‘இருட்டுல தெரியல சார்’ என்று சொல்லிவிட்ட ஏட்டய்யாவுக்கு

எனக்கு வந்த கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன். எழுதியவர் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ஏட்டு. கோபாலபுரம் போகிற சாலையில் இரவு வாகனத் தணிக்கை. மேலே இளநீர், அடியில் ரேஷன் அரிசி மூட்டை என்று வந்த மினி லாரி ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். டிரைவர் மாட்டிக்கொண்டார். பக்கத்து சீட்டில் இருந்தவன் கதவைத் திறந்துகொண்டு தென்னந்தோப்புக்குள் ஓடிவிட்டான். ஓடும்போது டார்ச் வெளிச்சம் ஒரு நொடி அவன் முகத்தில் விழுந்தது. ஏட்டுவின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. “ஓடுனது யாருன்னு தெரிஞ்சுதா?” என்று எஸ்.ஐ. கேட்க, “இருட்டுல தெரியல சார்” என்று வாயில் வந்துவிட்டது. எஃப்.ஐ.ஆரில் ‘அடையாளம் தெரியாத நபர்’ என்று பதிவாகிவிட்டது.

இது நடந்து நான்கு நாள். மச்சினன் கேரள எல்லை தாண்டிக் கொழிஞ்சாம்பாறையில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறான். அக்கா ஜிபேயில் இரண்டாயிரம் ரூபாய் அனுப்பியிருக்கிறார். ஏட்டு கேட்பது மூன்று: இப்போது போய்ச் சொன்னால் வேலை போய்விடுமா? சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? மாமியார் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?

தம்பி, முதலில் ஒன்று. நான் ஓய்வு பெற்ற போலீஸ்காரன், வக்கீல் இல்லை. எனக்கு எழுதிய கடிதத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, வக்கீலிடம் சொல்வதற்குத்தான் உண்டு. அதனால் உங்களை அடையாளம் காட்டக்கூடியதையெல்லாம் மாற்றிவிட்டேன். இதைப் படித்ததும் முதல் வேலையாக ஒரு கிரிமினல் வக்கீலைப் பாருங்கள். உங்கள் ஸ்டேஷனுக்கு அடிக்கடி வந்து போகிற வக்கீல் வேண்டாம்.

‘சொல்லாமல் இருந்தால்’ என்ற கேள்விக்கு முதலில் வருகிறேன், அதற்குப் பதில் எளிது. தெரியத்தான் போகிறது. டிரைவர் இந்நேரம் பெயரைச் சொல்லியிருப்பார். போலீசிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் உங்கள் மச்சினன் மீது சாட்சியமாக நிற்காது, சரி. ஆனால் விசாரணைக்கு அது போதும். டிரைவருடைய போனில் கடைசியாகப் பேசிய பத்து நம்பரில் உங்கள் மச்சினன் நம்பர் இருக்கும். அந்த நம்பரின் அழைப்புப் பட்டியலை, அதாவது சி.டி.ஆரை, எடுத்தால் மறுநாள் காலை உங்கள் வீட்டு நம்பர் வரும். உங்கள் ஸ்டேஷன் கேஸை குடிமைப் பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்திருக்கும். அவர்களுக்கு உங்கள் மேல் கரிசனம் காட்ட ஒரு காரணமும் இல்லை. நீங்களும் எத்தனையோ பேரின் சி.டி.ஆர். பார்த்தவர்தானே.

இப்போது உங்களுக்குக் கசக்கிற கணக்கு. ரேஷன் அரிசிக் கடத்தல் 1955-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தச் சட்டத்தின் கீழ் அரசு போடும் கட்டுப்பாட்டு ஆணையை மீறினால் பொதுவாகக் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 7 ஆண்டு. ஏழு ஆண்டு வரையிலான குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்ய வேண்டியதில்லை, நோட்டீஸ் கொடுத்து வரவழைக்கலாம் என்பதை 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. இன்று அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 35(3). நடைமுறையில் அரிசிக் கேஸில் ரிமாண்ட் செய்வதும் உண்டு, மறுக்கவில்லை. திரும்பத் திரும்ப மாட்டுகிறவர்கள் மீது 1980-ஆம் ஆண்டு கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டம் பாயும், ஆறு மாதம் வரை உள்ளே இருக்க வேண்டும். உங்கள் மச்சினனுக்கு இது முதல் கேஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று இரவே பெயரைச் சொல்லியிருந்தால் அவனுக்கு ஒரு நோட்டீஸோ, சில நாள் சிறையோ, அப்புறம் ஜாமீனோ. அவ்வளவுதான்.

உங்களுக்கு? புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 259-ஐ எடுத்துப் பாருங்கள். பிடிக்க வேண்டிய ஆளைத் தெரிந்தே பிடிக்காமல் விட்ட பொது ஊழியருக்கு, பத்து ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றம் என்றால், இரண்டு ஆண்டு வரை. அடுத்து 255: ஒருவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்றும் எண்ணத்தில் சட்டம் சொன்னதைச் செய்யாத பொது ஊழியர், அதுவும் இரண்டு ஆண்டு வரை. பொய்யான ஆவணம் எழுதினால் 256, மூன்று ஆண்டு வரை. நீங்கள் வாயால் சொன்னதோடு சரி என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பவ இடத்தில் எழுதிய மகஜரிலோ, ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பிலோ, பிறகு கொடுத்த வாக்குமூலத்திலோ உங்கள் கையெழுத்தோடு அந்த ‘தெரியல’ இருக்கிறதா? வக்கீலிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் இன்னொரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “அவன் அரிசி ஓட்டுறது அரசல் புரசலா தெரியும், கண்டுக்காம விட்டேன்.” தோப்புக்குள் ஓடியதைவிட இந்த வரிதான் என்னை உறுத்தியது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் ஒன்று நடக்கப்போகிறது என்று தகவல் தெரிந்தால் மேலதிகாரிக்குச் சொல்வது எந்தப் போலீஸ்காரருக்கும் கடமை. சுரக்ஷா சன்ஹிதா 169, பழைய சட்டத்தில் 150. அதில் சொந்தக்காரருக்கு விலக்கு எதுவும் இல்லை. எல்லையோர ஊர்களில் இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். வீடு வீடாக வாங்கிச் சேர்த்தால் ஒரு லோடு. ஊரே இதைத் திருட்டாக நினைக்காது, ‘பொழப்பு’ என்றுதான் சொல்லும். பாலிஷ் போட்டு அந்தப் பக்கம் விற்றால் யாருக்கு என்ன நஷ்டம் என்பார்கள். வாரா வாரம் கடைக்குப் போய் “ஸ்டாக் இல்லை” என்று கேட்டுவிட்டுத் திரும்புகிற கிழவிக்குத்தான் நஷ்டம். காக்கி போட்டவர் அந்தக் கிழவி பக்கம் நிற்க வேண்டும்.

என் கதை ஒன்று. புதிதாக எஸ்.ஐ. ஆன காலம். பெரியப்பா மகன் ஸ்பிரிட் கேன்களோடு வேறொரு ஸ்டேஷனில் மாட்டினான். நான் யாரையும் விடச் சொல்லவில்லை. அந்த ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டருக்கு ஒரே ஒரு போன், “நம்ம பையன்தான், அடிக்காம பார்த்துக்கங்க.” அவ்வளவுதான் சொன்னேன். ரைட்டர் அதற்கு மேல் அர்த்தம் எடுத்துக்கொண்டார். காலை வரை கைதைப் பதியவில்லை. கேஸ் நடந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஆறு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மெமோ, அப்புறம் ஊதிய உயர்வு நிறுத்தம். பெரியப்பா மகன் தண்டனை அடைந்தான், நானும் அடைந்தேன். இதைச் சொல்வது ஏன் என்றால், பெரிய உதவி எதையும் போலீஸ்காரர்கள் செய்து மாட்டுவதில்லை. ‘கொஞ்சம் பாருங்க’ என்ற போனில்தான் மாட்டுகிறார்கள்.

சரி, என்ன செய்வது? வக்கீலைப் பார்த்த அன்றே, முடிந்தால் மறுநாளுக்குத் தள்ளாமல், உங்கள் இன்ஸ்பெக்டரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். அன்று தணிக்கையில் ஓடியவர் இன்னார், என் மனைவியின் தம்பி, அந்நேரம் நான் சொல்லவில்லை, அது தவறு, இப்போது அவர் இருக்கும் இடம் எனக்குத் தெரிந்தவரை இது. எஸ்.ஐ.க்குத் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதையும் எழுதுங்கள். அவர் நியாயமாகத்தான் நடந்துகொண்டார், அவரை இழுத்துவிடக்கூடாது. ‘பதற்றத்தில்’, ‘குடும்பச் சூழ்நிலையால்’ என்று நாலு பாரா வேண்டாம். எந்த வாக்கியம் உங்கள் மேலேயே திரும்பும் என்பதை வக்கீல் பார்த்துச் சொல்வார். உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்ற அரசியலமைப்பு 20(3) உங்களுக்கும் பொருந்தும். அதனால்தான் வக்கீல் முதலில், இன்ஸ்பெக்டர் இரண்டாவது என்கிறேன்.

வேலை போகுமா என்றால், போகாது என்று உறுதி தர முடியாது. ‘த்ரீ பி’ குற்றச்சாட்டு குறிப்பாணை, அதாவது பெரிய தண்டனைக்கான துறை விசாரணை, வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சஸ்பெண்டும் வரலாம். ஆனால் தானாக வந்து சொன்னவர் விசாரணை அதிகாரி முன்னால் நிற்பதற்கும், சி.டி.ஆரில் மாட்டியவர் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

மச்சினனுக்கு வேறு வக்கீல். உங்கள் வக்கீல் அல்ல, ஏனென்றால் உங்கள் இருவர் நலனும் ஒன்றல்ல. அவன் செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கேட்கலாம், சுரக்ஷா சன்ஹிதா 482. அல்லது விசாரணை அதிகாரியிடம் நேரில் ஆஜராகலாம். கொழிஞ்சாம்பாறை கேரளம் என்பதால் பத்திரம் என்று யாராவது சொல்லியிருந்தால், தவறு. தேடப்படுபவரை இந்தியாவில் எங்கும் பின்தொடர்ந்து பிடிக்கலாம் என்கிறது பிரிவு 45. எல்லை தாண்டிப் போய்ப் பிடித்து வருவது நம் ஸ்டேஷன்களுக்குப் புதிதா என்ன?

இனி வீடு. இதுதான் கஷ்டம். அவன் உங்கள் மகளுக்குத் தாய்மாமன், தை மாதம் அவன் மடியில் உட்கார வைத்துக் காதுகுத்துவதாக இருந்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இன்ஸ்பெக்டர் அறைக்குப் போவதற்கு முன்னால் மனைவிக்குத் தெரிய வேண்டும். போய் வந்த பிறகு அல்ல, முன்னால். “உன் தம்பியைக் காட்டிக் கொடுத்துட்டு வந்தேன்” என்ற வாக்கியம் வீட்டில் எத்தனை வருஷம் ஓடும் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சட்டத்தையே சொல்லுங்கள், அது உங்கள் கோபம் இல்லையே. தலைமறைவானவருக்கு இடம் கொடுப்பது குற்றம், நியாய சன்ஹிதா 249. அதில் கணவன் மனைவிக்கு மட்டும் விலக்கு உண்டு, அக்காவுக்கு இல்லை, கொழிஞ்சாம்பாறையில் சோறு போடுகிறவருக்கும் இல்லை. மாமியாரிடம் நீங்கள் பேச வேண்டாம், மகள் பேசட்டும்.

அப்புறம் நீங்கள் ஒதுங்குங்கள். அந்தச் சாலைத் தணிக்கை டூட்டியிலிருந்து மாற்றும்படி எழுதிக் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும் என்றால் ரைட்டரிடம் கேட்காதீர்கள், காவல்துறை இணையதளத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி பாருங்கள். கேஸ் கட்டு எந்த மேஜையில் இருக்கிறது என்பது கூட உங்களுக்குத் தெரிய வேண்டாம். அவனைப் பிடித்து வைத்திருந்தால் போய்ப் பார்க்கலாம், ஆனால் வேட்டி சட்டையில், மனைவியோடு, மற்ற உறவினர் நிற்கிற வரிசையில்.

அந்த டிரைவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிதான் இருந்தது. வாடகைக்கு ஓட்டுகிறவர், இரண்டு குழந்தைகள். உங்கள் மௌனத்தால் இப்போதைக்கு முழுப் பழியும் அவர் தலையில். இன்ஸ்பெக்டர் அறைக்குள் நுழையக் கால் வராவிட்டால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜிபே பணம் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். இனி அனுப்ப வேண்டாம். அனுப்பியதை மறைக்கவும் வேண்டாம். மனைவி போனில் இருக்கிற வாட்ஸ்அப் பேச்சையோ அழைப்புப் பட்டியலையோ அழித்தால் அது சாட்சியத்தை மறைத்ததாகி, 238 தனியாக வரும். போனை அப்படியே வைத்துவிட்டு, அந்த இரண்டாயிரத்தையும் வக்கீலிடம் சொல்லுங்கள்.