மிளகு போய்ச் சேர்ந்த ஊர்

வணக்கம் ஐயா,

இரண்டு வருஷம் முன்னால் ஒன்பது நாள் குழுச் சுற்றுலாவில் இத்தாலி போய்வந்தேன். ரோம், பீசா, ஃபுளோரன்ஸ், வெனிஸ் எல்லாம் காட்டினார்கள். மூன்றாம் நாளே இடிந்த தூண்கள் அலுத்துவிட்டன. சாப்பாடு முழுக்க இந்திய உணவகங்களில்தான். ஒருநாள் வெளியே சாப்பிட்டேன், உறைப்பே இல்லை. இப்போது மகள் மிலானில் வேலை பார்க்கிறாள். அக்டோபரில் நானும் மனைவியும் போகிறோம். மனைவி சுத்த சைவம். எதைப் பார்ப்பது, எதைச் சாப்பிடுவது, ஒயினைத் தொடத்தான் வேண்டுமா? எழுதுங்கள்.

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

அலுத்துப்போனது உங்கள் தப்பில்லை. மன்னர்கள் கட்டியதைக் காட்டினார்களே தவிர ஜனங்கள் சாப்பிட்ட இடத்தைக் காட்டவில்லை. இந்தமுறை வெனிஸையும் பீசாவையும் விட்டுவிடுங்கள். மிலானில் ரயிலேறினால் நேராக நேப்பிள்ஸில் இறங்குங்கள். அங்கே நாலு நாள், திரும்பும் வழியில் ரோமில் மூன்று நாள்.

நேப்பிள்ஸிலிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணிக்குள் பொம்பெய் வந்துவிடும். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலுக்குள் புதைந்த ஊர். உள்ளே நுழைந்ததும் கோயிலுக்கும் அரங்கத்துக்கும் ஓடாமல் தெருமுனைக் கடைகளைப் பாருங்கள். இடுப்புயரத்துக்குக் கட்டிய மேடை, அதில் வாய் மட்டும் வெளியே தெரியும்படி பதித்த பெரிய மண்சாடிகள். அந்தக் காலத்துச் சாப்பாட்டுக் கடை அதுதான். ஊருக்குள் எண்பது வரை இருந்திருக்கின்றன. வீட்டில் அடுப்பில்லாத ஏழை ஜனம் அங்கேதான் சாப்பிட்டது. 2020 டிசம்பரில் அப்படியொரு கடையை முழுதாகத் தோண்டி எடுத்து உலகத்துக்குக் காட்டினார்கள். மேடையின் முகப்பில் வரைந்த சித்திரங்கள்: தலைகீழாகக் கிடக்கும் இரண்டு வாத்துகள், ஒரு சேவல், கழுத்துப்பட்டை போட்ட ஒரு நாய். நிறம் நேற்றுப் பூசியதுபோல இருக்கிறது. சாடிகளைத் துழாவினால் வாத்தெலும்பு, ஆடு, பன்றி, மீன், நத்தை. ஒயின் சாடியின் அடியில் இடித்த அவரைப் பயறு. ஒயினை வெளுப்பாக்கப் போடுவார்களாம். மேடையில் அந்தச் சித்திரங்களைப் பார்த்தபோது அங்கே நின்று கிண்ணத்தை நீட்டியவர்களின் கூட்டம் எனக்குக் கண்ணில் தெரிந்தது. எந்த வெற்றி வளைவும் எனக்கு அதைச் செய்ததில்லை.

அடுத்த நாள் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் கருகிய ரொட்டியைப் பாருங்கள். வட்டமாக, எட்டாகப் பிய்க்கத் தோதாகக் கீறி, கரிக்கட்டையாகியும் வடிவம் கெடாமல் இருக்கிறது. பொம்பெயில் ஒரே அடுப்புக்குள் 81 ரொட்டிகள் கிடைத்தன. வேகப்போட்டவர் எடுக்க வரவில்லை.

ஒயினுக்கு வருகிறேன். குடித்தே ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த மண்ணைப் புரிந்துகொள்ள ஒரு வாய் உதவும். பொம்பெய்க்குள்ளேயே திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. கொடி மக்கிப்போனாலும் வேர் இருந்த இடம் சாம்பலில் பொந்தாக நின்றுவிட்டது. வில்ஹெல்மினா ஜஷெம்ஸ்கி என்ற ஆய்வாளர் அந்தப் பொந்துகளில் காரையை ஊற்றி வார்ப்பெடுத்து, எந்தக் கொடி எங்கே நின்றது என்று கண்டுபிடித்தார். பிற்பாடு அதே இடங்களில் கொடி நட்டு ஒயினும் எடுத்தார்கள். அங்கே விளையும் கருந்திராட்சை ஒன்றின் பெயர் பியதிரோஸ்ஸோ, அதாவது செங்கால். அதன் காம்பு புறாவின் காலைப்போலச் சிவந்திருக்கும். உணவகத்தில் வீட்டு ஒயின் கால் லிட்டர் கேட்டால் சிறு குடுவையில் தருவார்கள், இரண்டு பேருக்குப் போதும். தண்ணீர் கலந்து குடிக்கக் கூசவேண்டாம். பழைய ரோமானியர்கள் கலக்காமல் குடிப்பவனைத்தான் காட்டான் என்றார்கள்.

இனி உறைப்பு. இன்று இத்தாலிச் சமையலின் முகமாகிவிட்ட தக்காளியை பொம்பெய்க்காரர்கள் கண்டதில்லை, மிளகாயையும் கண்டதில்லை. இரண்டும் அமெரிக்காவிலிருந்து 1492க்குப் பிறகு வந்தவை. நம் முன்னோர்களுக்கும் அப்படித்தான். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் உறைப்பு என்றால் மிளகு, அது போனது சேரநாட்டுக் கரையிலிருந்து. கேரளத்தில் கொடுங்கல்லூர் பக்கம் பட்டணம் என்ற ஊரில் தோண்டியபோது கிடைத்த ஒயின் சாடித் துண்டுகள் சிலவற்றில் கறுப்பு மணல் பொடிப்பொடியாகத் தெரிகிறது. நேப்பிள்ஸ் பகுதி எரிமலை மணல் அது. ஒயின் இங்கே வந்தது, மிளகு அங்கே போனது. பிளினி என்ற ரோமானியர் ஒரு ராத்தல் கருமிளகு 4 தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) என்று விலையை எழுதிவைத்துவிட்டு, வெறும் உறைப்புக்காகவா இந்தியாவரை போகிறோம் என்று வருத்தப்பட்டார். அதே பிளினிதான் கப்பற்படைத் தலைவராக, வெசூவியஸ் வெடித்தபோது ஆட்களை மீட்கக் கப்பலில் போய் பொம்பெய்ப் பக்கத்து ஸ்டாபியேக் கரையில் இறந்தார்.

ஆகவே ரோமில் காச்சோ எ பேப்பே சாப்பிடுங்கள். பாஸ்தா, பெக்கோரினோ என்ற செம்மறிப்பால் பாலாடைக்கட்டி, மிளகு. வேறொன்றும் கிடையாது. மிளகை வெறும் சட்டியில் வறுத்து ஒன்றிரண்டாக இடித்து, பாஸ்தா வெந்த தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டு, அடுப்பைவிட்டு இறக்கியபின் கட்டியைத் துருவிச் சேர்ப்பார்கள். சூடு கூடினால் திரிந்து உருண்டையாகிவிடும். நன்றாகச் செய்த தட்டில் முதல் வாய்க்கே தொண்டை காரும்.

இது உங்களுக்கு மட்டும். பெக்கோரினோவை ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையூற்றித்தான் செய்கிறார்கள், பார்மிஜானோ என்ற பசும்பால் கட்டிக்குக் கன்றின் உறை. உங்கள் மனைவியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சாப்பிட்டபின் தெரிந்தால் மனம் கஷ்டப்படும். அவருக்கு நேப்பிள்ஸில் மரினாரா பிட்சா இருக்கிறது: தக்காளி, பூண்டு, ஒரேகானோ, ஆலிவ் எண்ணெய். நெத்தலி போடுகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிரியாரியெல்லி என்ற கசப்புக் கீரையைப் பூண்டும் மிளகாயும் போட்டு எண்ணெயில் வதக்கித் தருவார்கள். கொண்டைக்கடலை போட்ட பாஸ்தாவும் உண்டு, பன்றிக் கொழுப்பு சேர்க்கவில்லையே என்று விசாரித்து வாங்குங்கள்.

பழைய ரோமின் நடுத்திடலான ரோமன் ஃபோரத்தில் மாக்சென்டியஸ் பேரரசரின் பெருமண்டபத்துக்குப் போனமுறையே போயிருப்பீர்கள். அதன் அடியில் அவருக்கு முந்தைய பேரரசர் தொமீஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு கிடக்கிறது. இந்தமுறை அங்கே கொஞ்சநேரம் நின்றுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.